பஞ்சமும் சூரியனும் ஹாம் ரேடியோவும்

தை மாதத்தில் திண்டிவனம் பக்கம் வருகிற பறவை ரசிகர்கள் நேரே கழுவெளிக்குப் போய்விடுகிறார்கள். ஊசிவால் வாத்தும் பூநாரையும் பார்க்க வேண்டியவைதான். 2021இல் சரணாலயம், 2024இல் ராம்சார் பட்டியல் என்று நம் விழுப்புரம் மாவட்டத்துக்கே பெருமை. ஆனால் பக்கத்தில் மரக்காணத்தோடு முடிகிற பக்கிங்காம் கால்வாயை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கோ அதைக் கண்டால் தாது வருஷப் பஞ்சம்தான் நினைவுக்கு வரும்.

1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் மாண்டவர்கள் 50 லட்சத்துக்கு மேல். சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்த் துண்டு அப்போது பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. நிவாரண வேலைகளுக்கு 1877 தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி, ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். பெண்ணுக்கு அதிலும் குறைவு. நாட்டிலிருந்து கோதுமை கப்பலேறுவது மட்டும் நிற்கவில்லை.

அதே 1877இல் வில்லியம் ஹண்டர் என்ற அதிகாரி சென்னையின் மழைக் கணக்கைச் சூரியப் புள்ளிகளோடு ஒப்பிட்டார். சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை புள்ளிகள் குறையும்போது மழையும் குறைகிறது என்று எழுதினார். ஆட்சியாளர்களுக்கு எவ்வளவு வசதி பாருங்கள், பழி சூரியன் மேல்! இருந்தாலும், சூரியனைப் பார்த்து மழையை முன்கூட்டியே அறியலாம் என்ற அந்த ஆசையும் சேர்ந்துதான் 1899இல் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் பிறந்தது.

மழைக்கு அந்தக் கணக்கு கைகொடுக்கவில்லை. வானொலிக்குக் கொடுத்தது. புள்ளிகள் மிகும்போது வானில் உயரே உள்ள அயனி மண்டலம் வலுக்கும். சிற்றலை அதில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். நம் வயதுக்காரர்கள் டிரான்சிஸ்டரைத் திருகித் திருகிக் கேட்ட தூரத்து நிலையங்கள் எல்லாம் இப்படி வந்தவைதான். ஹாம்கள் புள்ளிகளைக் கவனிப்பதும் இதனால்தான். நல்ல ஆண்டில் 10 மீட்டர் அலைவரிசையில் சில வாட் சக்தியே போதும், கண்டம் தாண்டிப் பேசலாம். புள்ளி ஓய்ந்த ஆண்டில் அதுவே பல நாள் ஊமையாகக் கிடக்கும்.

2004 டிசம்பர் 26 அன்று மரக்காணம் கரையை அடித்த சுனாமி அந்தமானையும் அடித்தது. ஹாம் ஒலிபரப்புக்காகப் போர்ட் பிளேர் போயிருந்த பாரதி பிரசாத், தொலைபேசி அற்றுப்போன அந்த நாட்களில் சிற்றலையில் நிலப்பகுதி ஹாம்களை அழைத்தார். தீவில் இருந்த உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று தவித்த பல குடும்பங்களுக்குப் பதில் வந்தது அந்த வழியாகத்தான்.