குடில் என்று பெயரிட்ட மாளிகைகள்

சொல்லுக்குரிய பொருள் ஒன்றாகவும் அதன் வழக்கு வேறொன்றாகவும் அமைவது மொழியில் புதிதன்று. ஆயினும் எழுபது அறைகள் கொண்ட கல் மாளிகையைக் 'காட்டேஜ்', அதாவது குடில், என்று கூசாமல் அழைத்த ஊர் உலகில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில், ரோட் ஐலண்ட் மாநிலத்தைச் சேர்ந்த அக்விட்னெக் தீவில் உள்ள நியூபோர்ட் அவ்வூர். 19ஆம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் நியூயார்க்கின் பெருஞ்செல்வர்கள் கோடையில் ஆறு முதல் எட்டு வாரங்கள் தங்குவதற்கென்றே இங்கு அரண்மனைகளை எழுப்பினர். ஆண்டின் எஞ்சிய காலமெல்லாம் அவை பூட்டிக் கிடந்தன. தொடக்கத்தில் விடுதிகளை விட்டுத் தனித்தங்க விரும்பியோர் அமைத்த மரவீடுகளுக்கு வழங்கிய பெயர் அது. மரம் பளிங்காக மாறிய பின்னரும் பெயரை மட்டும் அவர்கள் மாற்றவில்லை. மாற்றாமல் விட்டதிலேயே ஒரு செருக்கு ஒளிந்திருந்தது எனலாம்.

நியூபோர்ட்டின் கோடைவாழ்வை நுணுகி நோக்குவார்க்கு ஒன்று புலப்படும். அங்கே செல்வம் இரண்டு தொழில்களை இடையறாது செய்தது: காட்ட வேண்டியதைக் காட்டுதல், காட்டலாகாததை மறைத்தல். முதலாவதைப் பற்றியே பலரும் எழுதியுள்ளனர். இரண்டாவதற்கே கூடுதல் உழைப்பும் கூடுதல் கட்டடக்கலையும் தேவைப்பட்டன என்பதே கருதத்தக்கது.

துறைமுகம் துறந்த ஊர்

1639இல் தோன்றிய நியூபோர்ட், 18ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் செழித்த துறைமுகங்களுள் ஒன்று. அச்செழிப்பின் பெரும்பகுதி அடிமை வணிகத்தால் வந்தது. இங்கு வடித்த ரம் என்னும் மது ஆப்பிரிக்கக் கரைக்குச் சென்றது. அதற்கு ஈடாக மனிதர் ஏற்றப்பட்டனர். ரோட் ஐலண்ட் வணிகரின் கப்பல்கள் கடல் கடத்திய ஆப்பிரிக்கரின் தொகை ஒரு லட்சத்தை ஒட்டியது என்பர் வரலாற்றாசிரியர். 1776 முதல் 1779 வரை ஆங்கிலேயப் படை ஊரைப் பிடித்து வைத்திருந்தபோது வணிகம் முறிந்தது. பின்னர் முழுமையாக மீளவேயில்லை. கடல் தந்த பிழைப்பு போயிற்று. கடற்காற்று மட்டும் எஞ்சியது. ஊர் அதையே விற்கக் கற்றுக்கொண்டது.

முதலில் வந்து வாங்கியவர்கள் தென் மாநிலப் பண்ணையார்கள். கோடைக் காய்ச்சலுக்கு அஞ்சி வடக்கே வந்தவர்களுள் ஒருவரான ஜார்ஜ் நோபிள் ஜோன்ஸ் 1839இல் தொடங்கிக் கட்டிய மரவீடு, கிங்ஸ்கோட் என்னும் பெயரில் இன்றும் நிற்கிறது. அடுத்து வந்தோர் சீன வணிகத்தில் பொருளீட்டியவர்கள். நியூயார்க்கில் தையல் தொழிலால் பணம் சேர்த்துத் திரும்பிய உள்ளூர்க்காரர் ஆல்ஃபிரட் ஸ்மித், 1850களின் தொடக்கத்தில் கடலோரப் புல்வெளிகளைக் கூட்டாளியுடன் வாங்கி, பெல்வியூ அவென்யூ என்னும் பெருஞ்சாலையைத் தெற்கே நீட்டி, மனைகளாக்கி விற்றார். பின்னாளில் உலகமே பேசிய அச்சாலை ஒரு தையற்காரரின் கணக்கில் பிறந்தது என்பது சுவையான செய்தி.

காட்சியே கடமை

1880களில் வந்தவர்கள் வேறு அளவினர். இருப்புப்பாதை, நிலக்கரி, வெள்ளிச்சுரங்கம் ஆகியவற்றால் வந்த பணம் அது. வருமான வரி இல்லாத காலம். கொர்னேலியஸ் வாண்டர்பில்ட் 1885இல் வாங்கிய 'பிரேக்கர்ஸ்' என்னும் மரவீடு 1892இல் தீக்கிரையானது. அதே இடத்தில் ரிச்சர்டு மாரிஸ் ஹண்ட் என்னும் கட்டடக் கலைஞர் 1893 முதல் 1895 வரை எழுப்பியதே எழுபது அறை மாளிகை. குளியல் தொட்டியில் நன்னீருக்கும் கடல்நீருக்கும் தனித்தனிக் குழாய்கள் வைத்தனர். கடல் வாயிலில் இருக்க, அதனைக் குழாய்வழி மாடிக்கு வரவழைப்பது எத்தகைய வாழ்வு என்பதைக் கவிஞர்களே அளந்து சொல்ல வேண்டும். மாளிகை முடிந்த மறு ஆண்டே வாண்டர்பில்ட் பக்கவாதத்தால் வீழ்ந்தார், 1899இல் மறைந்தார்.

பணம் மட்டும் இருந்தால் நியூபோர்ட் ஏற்றுவிடாது. யார் உள்ளே, யார் வெளியே என்பதைத் தீர்மானித்தவர் கரோலைன் ஆஸ்டர் என்னும் பெண்மணி. அவருக்கு அமைச்சர்போல் விளங்கியவர் வார்டு மெக்காலிஸ்டர். 'நானூற்றுவர்' என்னும் தொடர் இவர் வழியாகவே பரவியது. 1892இல் நாளேட்டில் அவர் வெளியிட்ட பட்டியலில் உண்மையில் நானூறு பெயர்கள்கூட இல்லை. எண்ணிக்கை குறையக் குறைய மதிப்பு ஏறும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஒரு நாளின் ஒழுங்கு கோயில் பூசைபோல் வகுக்கப்பட்டிருந்தது. காலையில் கேசினோ. பெயர் அவ்வாறிருப்பினும் அது சூதாடும் இடமன்று. ஜேம்ஸ் கார்டன் பென்னட் என்னும் செய்தித்தாள் அதிபர் 1880இல் அமைத்த டென்னிஸ் மனமகிழ் மன்றம். அமெரிக்க டென்னிஸ் போட்டிகள் 1881 முதல் 1914 வரை இங்கேயே நடைபெற்றன. நண்பகலை ஒட்டி பெய்லிஸ் கடற்கரையில் நீராடல். அங்கே வாயிற்காவலர் அறிந்த முகங்களுக்கு மட்டுமே நுழைவு. பின்னர்ப் படகிலோ புல்வெளியிலோ பகலுணவு. மாலையில் பெல்வியூ சாலையில் குதிரைவண்டி உலா. அதன்பின் விருந்து, நடனம். ஒவ்வொன்றுக்கும் வேறு உடை. இவற்றுள் எதையும் இன்பத்திற்காக மட்டும் செய்ததாகத் தோன்றவில்லை. மாலை உலாவுக்குச் செல்லாமலிருக்க ஒரு பெண் நினைத்தாலும் முடியாது. வராதவரின் வண்டியைத்தான் முதலில் எண்ணுவார்கள். 1899இல் தோர்ஸ்டைன் வெப்லென் ஓய்வு வர்க்கத்தைப் பற்றி நூல் எழுதி, பிறர் காணச் செலவிடுதல் என்னும் கருத்தை நிலைநாட்டினார். அதற்கு இதைவிடச் சிறந்த உரைகல் வாய்த்திராது.

செலவு ஒரு கட்டத்தில் விளையாட்டாகவும் மாறிற்று. ரோஸ்கிளிஃப் மாளிகையின் டெஸ்ஸி ஓல்ரிக்ஸ் அம்மையார் 1904இல் நடத்திய வெண்ணிற நடன விருந்தில், கடலுக்கும் அணி வேண்டுமென்று பொய்யாகச் செய்த வெண்கப்பல்களை மிதக்கவிட்டனர். அவருடைய தந்தையார் நெவாடா வெள்ளிச்சுரங்கத்தில் பொருள் குவித்தவர்.

பளிங்குக்குள் ஒரு பெண்

ஆண்கள் வாரமெல்லாம் நியூயார்க்கில் பணம் ஈட்டி, வார இறுதியில் நீராவிக்கப்பலேறி வந்தனர். ஆகவே நியூபோர்ட்டின் ஆட்சி பெண்களின் ஆட்சி. தேர்தலிலே வாக்கில்லாத பெண்கள், தம் விருந்து மேசையில் பிற குடும்பங்களின் தலையெழுத்தை எழுதினர். இவ்வாட்சியின் வலிமையும் சிறையும் ஒருங்கே தெரிவது ஆல்வா வாண்டர்பில்ட்டின் வாழ்விலாகும்.

பிரேக்கர்ஸ் உரிமையாளரின் தம்பி வில்லியம், தம் மனைவி ஆல்வாவின் பிறந்தநாள் பரிசாக 1888 முதல் 1892 வரை கட்டுவித்தது மார்பிள் ஹவுஸ். செலவு 1 கோடியே 10 லட்சம் டாலர். அதில் 70 லட்சம் பளிங்குக்கு மட்டும்; 5 லட்சம் கன அடிப் பளிங்கு. வேலை நடந்தபோது உயர்ந்த வேலி எழுப்பி ஊர் பாராமல் மறைத்தார்கள். இம்மாளிகையிலே 1895 ஆகஸ்டில் ஆங்கிலப் பிரபுவான மார்ல்பரோ கோமகன், ஆல்வாவின் மகள் கான்சுவேலோவிடம் மணம் பேசினார். அவள் உள்ளம் வேறொருவரிடம் இருந்தது. தாய் அதை அடக்கினாள். கான்சுவேலோவின் தன்வரலாறு தன் அறையைப் பற்றிச் சொல்வது நெஞ்சில் தைக்கும்: அவ்வறையின் ஒவ்வொரு பொருளையும் தாயே தேர்ந்து வைத்திருந்தாள், மகளுக்கென்று ஒன்றை வைக்க இடமில்லை. அவ்வாண்டு நவம்பரில் திருமணம் நடந்தது. மணமகனுக்கு இருப்புப்பாதைப் பங்குகளாக 25 லட்சம் டாலர் சென்றது. 1906இல் இருவரும் பிரிந்தனர்; 1921இல் மணவிலக்கு. 1926இல் அம்மணமே செல்லாதென்று திருச்சபை தீர்ப்பளித்தபோது, மகளை வற்புறுத்தியது தானே என்று சாட்சி சொன்னவள் ஆல்வா.

வரதட்சணை என்னும் சொல்லை மேலைநாட்டார் இதற்கு வழங்குவதில்லை. வழங்கினால் தவறொன்றுமில்லை.

ஆனால் ஆல்வாவை அத்துடன் முடித்துவிட முடியாது. மகளின் மணத்திற்கு முன்னரே தன் கணவரிடம் மணவிலக்குப் பெற்று, மேட்டுக்குடியினர் முகஞ்சுளித்ததைப் பொருட்படுத்தாது மறுமணம் புரிந்தவள் அவள். இரண்டாம் கணவரும் மறைந்தபின் பெண்களின் வாக்குரிமைப் போரில் இறங்கினாள். 1909இல் அதே மார்பிள் ஹவுஸின் கதவுகளை, கட்டணம் வாங்கிக்கொண்டு, அவ்வியக்கத்திற்காகப் பொதுமக்களுக்குத் திறந்தாள். கடலைப் பார்த்த மேட்டில் சீனத் தேநீர் மண்டபம் ஒன்றை எழுப்பினாள். 1914இல் அங்கே பெண்கள் மாநாடு கூடிற்று. வாக்குரிமைக் கோரிக்கையைப் பொறித்த பீங்கான் கலங்களையும் செய்வித்தாள். மகளின் குரலை அடக்கிய வீட்டிலேயே பெண்குரல் ஓங்கியது. இதைக் கழுவாய் என்பதா, அதிகாரம் புது மேடை தேடிக்கொண்டது என்பதா? இரண்டும் என்பதே பொருந்தும். 1920இல் அரசியல் சட்டத் திருத்தத்தால் அமெரிக்கப் பெண்கள் வாக்குரிமை பெற்றனர்.

இக்காலத்தை இலக்கியமாக்கியவரும் ஒரு பெண்ணே. நியூபோர்ட்டில் வீடு வைத்திருந்து, அதன் வாழ்வில் சலித்து வெளியேறிய ஈடித் வார்ட்டன் 1920இல் வெளியிட்ட 'தி ஏஜ் ஆஃப் இன்னொசன்ஸ்' புதினம், புலிட்சர் பரிசை 1921இல் அவருக்குத் தந்தது. புதினத்துக்காக அப்பரிசு பெற்ற முதற்பெண் அவர். இளமையில் அமைதியான பழைய நியூபோர்ட்டில் வாழ்ந்த ஹென்றி ஜேம்ஸ், 1907இல் வெளியான பயண நூலில் புதிய மாளிகைகளை வெள்ளை யானைகளாகக் கண்டார்.

நிலத்தடியில் ஓடிய வண்டி

மறைத்தற்கலையின் உச்சம் 1901இல் முடிந்த 'எல்ம்ஸ்' மாளிகை. இதன் உரிமையாளர் எட்வர்டு பெர்வின்ட் நிலக்கரி அதிபர். அவருடைய வீட்டில் நிலக்கரி கண்ணிற் படலாகாது! எனவே தெருவிலிருந்து சுரங்கவழி தோண்டித் தண்டவாளமிட்டு, தள்ளுவண்டியில் அடித்தளத்துக்குக் கரி கொண்டுவந்தனர். பணிப்பெண்களின் அறைகள் மூன்றாம் மாடியில் இருந்தன. கைப்பிடிச்சுவர் அவற்றின் சாளரங்களை மறைத்ததால், கீழிருந்து நோக்குவோர்க்கு வீடு இரண்டு மாடியாகவே தோன்றும். பணியாளர் நுழையும் வழியின்மேல் கொடிப்பந்தல் படர்ந்திருந்தது. சமைப்பவர், துவைப்பவர், வெள்ளிக்கலம் துலக்குபவர் எனப் பலர் இயங்க, இயக்கமே இல்லாததுபோல் வீடு தோன்ற வேண்டும் என்பது விதி. வாரத்தில் ஓய்வுநாள் கேட்ட பணியாளரை ஒட்டுமொத்தமாக விலக்கிவிட்டு வேறு ஆட்களை அமர்த்தினார் பெர்வின்ட்.

அப்பணத்தின் வேர் இன்னும் ஆழத்தில், பென்சில்வேனியாவின் சுரங்கங்களில் இருந்தது. 1922 வேலைநிறுத்தத்தின்போது, பெர்வின்ட் நிறுவனத்தின் கரியை வாங்கிவந்த நியூயார்க் நகரம் ஒரு குழுவை அனுப்பி அங்கே ஆராயச் செய்தது. உள்நாட்டுப் போருக்கு முன்னைய அடிமைகளின் நிலையினும் தொழிலாளர் நிலை தாழ்ந்தது என்பது அக்குழுவின் முடிவு. எல்ம்ஸின் சுரங்கவழி அதுவரை நீண்டிருந்தது என்று கொள்வது மிகையாகாது.

ஊர்மக்களின் நிலை இதனோடு ஒட்டியும் ஒட்டாமலும் அமைந்தது. அயர்லாந்திலிருந்து வந்தோர் தோட்டத்திலும் அடுக்களையிலும் உழைத்தனர். ஆப்பிரிக்க அமெரிக்கருள் விருந்து சமைத்தும் விடுதி நடத்தியும் தலையெடுத்தோர் உண்டு. கோடைவாசிகளின் பணத்தால் உயர்ந்த ஜார்ஜ் டவுனிங் என்னும் விடுதி உரிமையாளரின் கட்டடம் 1860இல் எரிந்தது. அவர் கறுப்புக் குழந்தைகளைத் தனிப்பள்ளியில் ஒதுக்கும் முறையை எதிர்த்துப் பல்லாண்டு போராடினார். 1866இல் ரோட் ஐலண்ட் அதனை ஒழித்தது. நியூபோர்ட் வரலாற்றில் மாளிகைகளைவிட நீடித்த கட்டுமானம் அதுவே.

அடைக்க முடியாத பாதை

எல்லாவற்றையும் வேலியிட்ட செல்வர்களால் ஒன்றை மட்டும் அடைக்க இயலவில்லை. மாளிகைகளின் புல்வெளிகளுக்கும் கடலுக்கும் இடையே, பாறை விளிம்பில் மூன்றரை மைல் நீளத்திற்கு 'கிளிஃப் வாக்' என்னும் நடைபாதை செல்கிறது. மன்னர் இரண்டாம் சார்லஸ் 1663இல் அளித்த சாசனத்தின் வழி வந்த பரதவர் உரிமை அது. மீன் பிடிக்கவும் கடற்பாசி வாரவும் கரையில் நடக்க மக்களுக்குள்ள உரிமையைப் பின்னர் 1842ஆம் ஆண்டு மாநில அரசியல் சட்டமும் ஏற்றது. கோடிகள் கொட்டிய வீட்டின் முகப்பெதிரே, தூண்டிற்கோலும் கூடையும் ஏந்தியவர் நடந்து போனார். சிலர் புதர் வளர்த்து மறைத்தனர்; சிலர் பாதையைத் தாழ்த்தினர். ஆல்வாவின் தேநீர் மண்டபத்தின் அடியில் பாதை ஒரு குடைவழியாகவே புகுந்து செல்கிறது. மேலே பெண்ணுரிமை பேசப்பட்டபோது கீழே பழைய உரிமை காலால் நடந்துகொண்டிருந்தது.

1913இல் வருமான வரிக்கு வழிவகுத்த திருத்தம் வந்தது. பின்னர்ப் போரும் பொருளாதார வீழ்ச்சியும். 1 கோடியே 10 லட்சம் டாலரின் மார்பிள் ஹவுஸை ஆல்வா 1932இல் விற்றபோது கிடைத்தது ஒரு லட்சம் டாலரை ஒட்டிய தொகையே. 1941இல் ரோஸ்கிளிஃப் 21,000 டாலருக்குப் போயிற்று. 1945இல் தொடங்கிய நியூபோர்ட் பாதுகாப்புக் கழகத்திற்கு 1948இல் பிரேக்கர்ஸ் ஆண்டுக்கு ஒரு டாலர் குத்தகையில் வந்தது. 1972இல் கழகம் அதை 3,65,000 டாலருக்கு வாங்கியது. இடிக்கவிருந்த எல்ம்ஸை 1962இல் அதே கழகம் மீட்டது. சீட்டு வாங்கிய எவரும் இன்று இவற்றினுள் உலவலாம். எல்ம்ஸில் பணிப்பெண்களின் மாடியையும் கரி வந்த சுரங்கத்தையும் காட்டுவதற்கெனத் தனிச் சுற்றுலாவே நடக்கிறது.

பெய்லிஸ் கடற்கரை மட்டும் இன்றும் உறுப்பினர்க்கே உரியது. நடைபாதையின் தென்கோடியில், அதன் மதிலை ஒட்டி, எவரும் இறங்கத்தக்க சிறு மணற்பரப்பு ஒன்று உண்டு. ஊரார் அதற்கு இட்ட பெயர் 'ரிஜெக்ட்ஸ் பீச்', விலக்கப்பட்டோர் கடற்கரை. 2022 மார்ச்சில் அலை அரித்து நடைபாதையின் ஒரு பகுதி சரிந்தது. 2023இல் ரோட் ஐலண்ட் இயற்றிய சட்டம், அலை கொணர்ந்த பாசி ஒதுங்கும் கோட்டிலிருந்து நிலத்தை நோக்கிப் பத்தடி வரை நடக்க யாவர்க்கும் உரிமை உண்டென வரையறுத்துள்ளது. அந்தக் கோட்டை நாள்தோறும் வரைவது கடல்.