கிடாரம் கழுவிய துறவிகள்



சென்ற மாதம் திருப்பலி முடிந்தபின் நம் பங்கின் இளைஞர் ஒருவர் சற்றுத் தயக்கத்தோடு என்னை அணுகினார். தம் வீட்டு நிலவறையில் சிறு அளவில் பியர் காய்ச்சுகிறாராம். "சுவாமி, பியர் காய்ச்சுவதில் துறவிகள்தாம் பேர்போனவர்கள் என்கிறார்களே, கிடாரத்தின் அடியில் தங்கும் இந்தப் பச்சைச் சேற்றை அவர்கள் என்ன செய்தார்கள்? காய்ச்சுவதைவிடக் கழுவுவதற்கே எனக்கு அதிக நேரம் போகிறது" என்றார். அன்று சிரித்துவிட்டு விடைபெற்றேன். பின்னர் நூல்களைப் புரட்டியபோது, அக்கேள்வி சிரித்து ஒதுக்கத்தக்கதன்று என உணர்ந்தேன்.

குடியால் நொந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்களின் கண்ணீரை நான் அறிவேன். இதனைக் குடிக்கு வக்காலத்து வாங்கும் எழுத்தாக எவரும் கொள்ளவேண்டாம். நான் எழுதப் புகுந்தது கழுவுதலின் வரலாற்றை.

அவ்வரலாறு ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்குநூலில் தொடங்குகிறது எனலாம். அதன் 31ஆம் அதிகாரம், மடத்தின் பாத்திரங்கள் அனைத்தையும் பலிபீடத்தின் திருப்பாத்திரங்களைப் போலவே கருதவேண்டும் எனப் பண்டகசாலைப் பொறுப்பாளருக்குக் கட்டளையிடுகிறது. மடத்துப் பொருள்களை அழுக்காக வைத்திருப்பவர் கண்டிக்கப்பட வேண்டும் என்கிறது 32ஆம் அதிகாரம். 35ஆம் அதிகாரமோ இன்னும் நுணுக்கமானது. சமையற்கூடத்தில் வாரமுறைப்படி பணியாற்றியவர் சனிக்கிழமையன்று துணிகளைத் துவைத்து, பாத்திரங்களைத் துப்புரவாகவும் சேதமின்றியும் திருப்பி ஒப்படைக்கவேண்டும். அதே நாளில் முறை முடிப்பவரும் முறை ஏற்பவரும் சேர்ந்து எல்லாருடைய பாதங்களையும் கழுவவேண்டும். பாத்திரம் கழுவுதலும் பாதம் கழுவுதலும் ஒரே அதிகாரத்தில், ஒரே நாளின் பணியாக எழுதப்பட்டிருப்பதைக் கவனியுங்கள்.

இந்த ஒழுங்கின்கீழ் வாழ்ந்த மடங்கள் ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே பரவியபோது, திராட்சை அரிதாகிய இடங்களில் பியர் அன்றாடப் பானமாயிற்று. நாம் வாழும் இந்தச் சுவிஸ் நாட்டிலேயே அதற்கொரு சான்று இருக்கிறது. சென்காலன் மடத்து நூலகத்தில், ஏறத்தாழ 820களில் ரைகனவ் தீவு மடத்தில் வரையப்பட்ட மாபெரும் மடாலய வரைபடம் ஒன்று காக்கப்படுகிறது. ஐந்து தோல்களைத் தைத்து இணைத்த அந்த வரைபடத்தில் பியர் காய்ச்சும் கூடங்கள் மூன்று உள்ளன: துறவிகளுக்கு ஒன்று, உயர்குல விருந்தினருக்கு ஒன்று, ஏழைகளுக்கும் திருயாத்திரிகருக்கும் ஒன்று. காய்ச்சியதை ஆறவைக்கவும் வடிகட்டவும் தனித்தனி இடங்கள் குறிக்கப்பட்டுள்ளன. வரைந்தவருக்குத் தொழில் தெரிந்திருக்கிறது!

அந்த வரைபடத்தில் ஹொப்ஸ் பற்றிய குறிப்பு இல்லை. அக்காலத்தில் பலரும் பலவகைப் பூண்டுகளைக் கலந்தே பியருக்கு மணமூட்டினர். ஆயினும் 822இல் வட பிரான்சின் கோர்பி மடத்தில், அதிபர் புனித அடல்ஹார்ட் வகுத்த ஒழுங்குகளில் ஹொப்ஸ் சேகரிப்பு இடம்பெறுகிறது. பியர் காய்ச்சுதலோடு ஹொப்ஸைத் தொடர்புபடுத்தும் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் அது ஒன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிங்கன் நகர்ப் புனித ஹில்டெகார்ட் இன்னும் தெளிவாக எழுதினார். ஹொப்ஸ் மனச்சோர்வை மிகுவிக்கும் என்று குறைகூறிய அவரே, அதன் கசப்பு பானங்களைக் கெடாமல் காக்கும் என்பதையும் ஒப்புக்கொண்டார். 2012இல் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவிக்கப்பட்டவர் இவர்தாம்.

அவர் கண்டது சரியே. ஹொப்ஸ் கொடியின் பெண்பூக்கள் சிறு கூம்புகள் போன்றவை. இதழ்களின் அடியிலுள்ள மஞ்சள் தூளில் கசப்புப் பிசின் இருக்கிறது. பார்லிச் சாற்றோடு ஒரு மணிநேர அளவு கொதிக்கும்போது அப்பிசின் உருமாறிச் சாற்றில் கரைந்து, புளிக்கவைக்கும் கிருமிகள் பலவற்றை அடக்குகிறது. ஆனால் எல்லாவற்றையும் அன்று. பானத்தைக் காடியாக்கும் கிருமிகள் அதற்கு அஞ்சுவதில்லை. கொதிக்கும்வரை சாறு பாதுகாப்பானது. ஆறத் தொடங்கிய கணம் முதல், அது தொடும் ஒவ்வொரு பாத்திரமும் அதன் விதியை நிர்ணயிக்கிறது. நம் பனைமுட்டி நினைவுக்கு வருகிறதா? உள்ளே சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர், பூசாவிட்டால் கள். முட்டியின் உட்புறமே பானத்தின் பெயரை மாற்றிவிடுகிறது.

இனி, இளைஞர் கேட்ட பச்சைச் சேறு. ஊறிப் பருத்த ஹொப்ஸ் சக்கையும், கொதியில் திரண்ட புரதக் கட்டிகளும் சேர்ந்ததே அது. முழுப்பூவைப் பயன்படுத்திய பழையவர்கள் அதைப் பகையாகக் கருதவில்லை. துளையிட்ட அடித்தட்டுள்ள பாத்திரத்தில் கிடாரத்துச் சாற்றை ஊற்றினால், சக்கை படுகையாகப் படிந்து, தானே வடிகட்டியாகி, கட்டிகளைத் தடுத்துக்கொண்டது. வடிந்தபின் சக்கை வயலுக்கு உரமாயிற்று. பார்லிச் சக்கை மாட்டுக்கும் பன்றிக்கும் தீனியாயிற்று. (வீட்டில் நாய் வளர்ப்போர் கவனிக்க: ஹொப்ஸ் சக்கை நாய்க்கு நஞ்சு.) இன்றைய அரைத்த ஹொப்ஸ் அப்படிப் படுகையாகாது, சாற்றைச் சுழற்றிவிட்டுக் காத்திருந்தால் கசடு நடுவில் குவியும். தேநீரைக் கரண்டியால் சுழற்றினால் தேயிலைத் தூள் குவளையின் நடுவே கூடுவதும் அவ்வாறே. அதன் காரணத்தை 1926இல் விளக்கியவர் ஐன்ஸ்டைன்.

கழுவுதல் ஏன் அவசியம் என்பது நெடுங்காலம் எவருக்கும் தெரியவில்லை. கோடையில் பியர் கெட்டது, காரணம் விளங்கவில்லை. ஆகவே பவேரிய அரசு 1553இல், புனித மிக்கேல் திருநாள் முதல் புனித ஜோர்ஜ் திருநாள் வரை, அதாவது செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரை மட்டுமே காய்ச்சலாம் என விதித்தது. 1876இல் லூயி பாஸ்டர் பியர் பற்றிய தம் ஆய்வுநூலை வெளியிட்டபோதே, கெடுதலுக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் என்பது நிலைநாட்டப்பட்டது. 1883இல் கோப்பன்ஹேகனில் எமில் ஹான்சன் தூய ஈஸ்ட்டைத் தனித்து வளர்த்தார். அதற்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே, கிருமி என்ற சொல்லே அறியாமல், பாத்திரத்தைப் பலிபீடத்துப் பொருளாக மதிக்கச் சொன்ன ஒருவரின் கட்டளை மடங்களில் வாசிக்கப்பட்டு வந்தது. இதனை முன்னறிவு என்று நான் மிகைப்படுத்தமாட்டேன். மதிப்போடு கழுவினார்கள், பயன் விளைந்தது.

இந்நாட்டுக்கு வந்த நம்மவர் எத்தனையோ பேர் உணவகங்களின் பின்கட்டில் கிடாரம் தேய்த்தே பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். அதைச் சொல்லக் கூச்சப்படும் தந்தையரை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களுக்காகவே 35ஆம் அதிகாரத்தை மேலே சற்று விரித்து எழுதினேன்.

சென்காலன் பக்கம் போனால் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். மூல வரைபடத்தைக் கண்காட்சிக் கூடத்தில் சில நொடிகள் மட்டுமே காணலாம். நகலில் நிதானமாகத் தேடுங்கள். துறவிகளின் வெதுப்பகத்தை ஒட்டிப் பியர்க் கூடம் இருக்கிறது. அங்கேதான், பியரை வடிகட்டுவதற்கென்று குறிக்கப்பட்ட அந்தச் சிறிய இடமும்.