ஏழாண்டு உத்தரவாதமும் பெரியப்பாவின் ஏ40 காரும்

அண்மையில் ஓர் இரவு, லண்டன் ஹரோவில் வசிக்கும் என் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். சுகநல விசாரிப்புகள் முடிந்த பின்னர், "அண்ணா, ஒரு சின்னக் கார் வாங்கப் போறம். ஏழு வருசம் உத்தரவாதம் எண்டு சொல்லுறாங்கள். இதை நம்பலாமோ?" என்று கேட்டாள். முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருப்பவனுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்ற ஐயம் அவளுக்கு எழவில்லை. அண்ணனுக்கு எல்லாம் தெரியும் என்பது அவளுடைய சிறுபராயத்து மூடநம்பிக்கை. அதைக் கெடுக்க நானும் இதுவரை விரும்பியதில்லை.

கேள்விக்குப் பின்னால் ஒரு நோவு இருந்தது. மூன்றாண்டுகளுக்கு முன்னர் அவர்கள் பாவித்த கார் ஒன்றை ஒரு விற்பனையாளரிடம் வாங்கினார்கள். அவர் கொடுத்த மூன்று மாத உத்தரவாதம் முடிந்து பதினெட்டாம் நாள் கியர்பெட்டி போயிற்று. விற்றவர் திகதியைச் சுட்டிக்காட்டினார். அதோடு பேச்சு முடிந்தது. இம்முறை சேமிப்பு முழுவதும் இதற்குள் போகிறது. போதாக்குறைக்கு, மச்சானின் தாயார் சென்ற ஆண்டிலிருந்து சக்கர நாற்காலியில். கார் விலை குறைவாக இருக்க வேண்டும், நான்கு பேரும் நாற்காலியும் அதில் அடங்க வேண்டும், இன்னொரு கியர்பெட்டிக்குக் கையில் காசு இல்லை. இரண்டு நாள் தவணை கேட்டேன். ஒருவர் வாக்குறுதி கொடுக்கும்போது வாக்குறுதியை விட்டுவிட்டு, அதை ஏன் கொடுக்கிறார் என்று தேடுவது என் தொழிற்பழக்கம்.

அவள் தேடியது ஹட்ச்பேக் வகைக் கார். மேல்நோக்கித் திறக்கும் பின்கதவும் மடித்துவிடக்கூடிய பின்னாசனமும் சேர்ந்தால் அதுதான் ஹட்ச்பேக். இன்று பார்க்கும்போது மிக எளிய ஏற்பாடு. ஆனால், கார்த் தொழில் அதை ஏற்றுக்கொள்ள வெகுகாலம் பிடித்தது. பிரான்சின் சித்ரோயன் நிறுவனம் 1938 ஆம் ஆண்டிலேயே வணிகர்களுக்கென்று அப்படியொரு காரைச் செய்தது. பிரித்தானியாவில் 1959 இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ40 கன்றிமன் காரில் பின்புறத்தின் கீழ்ப்பாதி கீழ்நோக்கியும் கண்ணாடி மேல்நோக்கியும் திறந்தன. றெனோ 4 (1961), றெனோ 16 (1965) ஆகியன வழியைத் திறந்துவிட, 1974 இல் வந்த வொக்ஸ்வாகன் கோல்ஃப் அதை நடுத்தரக் குடும்பத்தின் காராக்கிவிட்டது. அறுபதுகளில் பிரித்தானியர் விழுந்து விழுந்து வாங்கிய மொறிஸ் 1100 காருக்கு இந்தக் கதவு இல்லை. கனவான் வீட்டுக் காருக்கு டிக்கி தனியாக இருக்க வேண்டும், பின்கதவு என்பது சாமான் ஏற்றுகிறவனுக்கு உரியது என்ற எண்ணம் அங்கே வேரூன்றியிருந்தது போலும்.

நீண்ட உத்தரவாதத்தின் கதை அமெரிக்காவில் தொடங்குகின்றது. அங்கே பல பத்தாண்டுகளாகப் புதிய காருக்கு 90 நாள் அல்லது 4,000 மைல், அவ்வளவுதான். 1961 மாதிரிகளோடு அது 12 மாதம் அல்லது 12,000 மைலாக வளர்ந்தது. 1963 மாதிரிகளுக்குக் கிறைஸ்லர் நிறுவனம் திடீரென்று எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் 5 ஆண்டு அல்லது 50,000 மைல் என்று அறிவித்தது. 1957 மாதிரிக் கார்களின் துருவும் தரக்கேடும் கிறைஸ்லரின் பெயரை நன்றாகக் கெடுத்திருந்தன. பெயர் கெட்டவரே முதலில் நீண்ட வாக்குறுதி கொடுத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். போட்டியாளர்களும் பின்தொடர்ந்தனர். ஆனால், செலவு தாங்காமல் எழுபதுகளின் தொடக்கத்தில் எல்லோரும் பழைய 12 மாதத்துக்கே திரும்பினார்கள்.

இந்த வாக்குறுதியை மீண்டும் கையிலெடுத்து இறுதிவரை கொண்டுசென்றவர்கள் கொரியர்கள்.

அந்தக் கதையில் ஓர் ஆங்கிலேயர் வருகிறார். ஜோர்ஜ் ரேர்ன்புல் என்ற அவர் பிரிட்டிஷ் லேலண்ட் நிறுவனத்தின் ஒஸ்ரின்-மொறிஸ் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். 1973 இல் அங்கிருந்து விலகினார். மறு ஆண்டு அவரைத் தென்கொரியாவின் ஹூண்டாய் நிறுவனம் அழைத்துக்கொண்டது. சுங் ஜூ-யுங் 1967 இல் தொடங்கிய அந்த நிறுவனம் அதுவரை உல்சான் நகரில் ஃபோர்ட் கொர்ட்டினாக்களைப் பொருத்திக்கொண்டிருந்தது. ரேர்ன்புல் சில பிரித்தானியப் பொறியியலாளர்களையும் மாதிரிக்கு மொறிஸ் மரினா கார்களையும் கொண்டுசென்றார். எஞ்சின் யப்பானின் மிற்சுபிசி. உருவத்தை வரைந்தவர் கோல்ஃப் காரை வரைந்த அதே இத்தாலியர், ஜியோர்ஜெத்தோ ஜுஜியாரோ. இப்படி நான்கு நாட்டாரின் கைபட்டுப் பிறந்தது ஹூண்டாய் போனி. அதன் உற்பத்தி 1975 இறுதியில் தொடங்கியது.

போனியின் வழித்தோன்றலான எக்செல் 1986 இல் 4,995 டொலர் விலையில் அமெரிக்காவில் இறங்கியது. முதலாண்டிலேயே 168,882 கார்கள் விற்றன. அதன் பின்னர் வந்ததுதான் அவமானம். மலிவாகச் செய்யப்பட்ட கார்கள் மலிவான பொருட்கள் போலவே நடந்துகொண்டன. நள்ளிரவுத் தொலைக்காட்சி நகைச்சுவையாளர்களுக்கு ஹூண்டாய் என்ற பெயரே போதுமானதாயிற்று. 1998 ஆகும்போது ஆண்டு விற்பனை 90,000 அளவுக்குச் சரிந்திருந்தது. சந்தையை விட்டு வெளியேறுவதா என்ற பேச்சும் இருந்தது.

அந்த ஆண்டில்தான் அமெரிக்க ஹூண்டாயின் தலைமையில் இருந்த ஃபின்பார் ஓநீல் 1999 மாதிரிகளுக்கான புதிய உத்தரவாதத்தை அறிவித்தார். எஞ்சின், கியர்பெட்டி உள்ளிட்ட இயக்கப் பாகங்களுக்கு 10 ஆண்டு அல்லது 100,000 மைல், ஏனையவற்றுக்கு 5 ஆண்டு அல்லது 60,000 மைல். கெட்டித்தனமாக ஒரு நிபந்தனையும் வைத்தார்கள். பத்தாண்டு முதல் உரிமையாளருக்கு மட்டுமே. இரண்டாவதாக வாங்குபவருக்கு இயக்கப் பாகங்களுக்கும் 5 ஆண்டுதான்.

இதை விளம்பரத் தந்திரம் என்று தள்ளிவிடுவது இலகு. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால், இதன் உட்பொருள் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. உத்தரவாதம் குறுகியதாக இருக்கும்வரை பழுதின் செலவு வாங்கியவன் தலையில். நீண்டதும் அதே செலவு செய்தவனின் கணக்கில் வந்து விழுகின்றது. ஓராண்டு தாங்கும் பாகத்துக்கும் பத்தாண்டு தாங்கும் பாகத்துக்கும் உள்ள வேறுபாடு அப்பொழுதுதான் தொழிற்சாலைக்குச் சுடும். அச்சமயம் தலைமையேற்ற சுங் மொங்-கூ, முன்னர் ஹூண்டாயின் விற்பனைக்குப் பிந்திய சேவை நிறுவனத்தை நடத்தியவர். வாடிக்கையாளனின் வசவை நேரே கேட்டவர். தரக் கட்டுப்பாட்டில் அவர் காட்டிய கடுமை கொரியாவில் கதையாகவே பேசப்படும். 2004 இல் ஜே.டி.பவர் நிறுவனத்தின் தொடக்கத் தர ஆய்வில், கார் நிறுவனங்களின் வரிசையில் ஹூண்டாய் ஹொண்டாவோடு சமமாக, ரொயோட்டாவுக்கு அடுத்த இடத்தில் நின்றது.

1998 இலேயே ஹூண்டாய் நொடித்துப்போயிருந்த கியா நிறுவனத்தைக் கைப்பற்றியிருந்தது. கியா ஐரோப்பாவுக்கென்று ஸ்லோவாக்கியாவின் சிலினா நகரில் ஒரு தொழிற்சாலையைக் கட்டி, 2006 டிசம்பரில் சீட் என்ற ஹட்ச்பேக்கைத் தயாரிக்கத் தொடங்கியது. அதோடு கொடுத்ததுதான் ஏழாண்டு. பின்னர் அது ஏனைய மாதிரிகளுக்கும் விரிந்தது. பிரித்தானியாவில் இன்று அது 7 ஆண்டு அல்லது 100,000 மைல். நல்ல பெயர் எடுத்த ரொயோட்டாவும் 2021 இல் வழிக்கு வந்தது. அங்கே தொடக்கத்தில் 3 ஆண்டு. அதற்குமேல் அவர்களிடமே ஒவ்வொரு சேர்விஸ் செய்யும்போதும் ஓராண்டு நீளும், 10 ஆண்டு அல்லது 100,000 மைல் வரை.

ரேர்ன்புல்லின் பெயரை வாசித்தபோது எனக்குப் பெரியப்பாவின் கார் நினைவுக்கு வந்தது. அதுவும் ஒஸ்ரின். 1953 ஆம் ஆண்டின் ஏ40 சோமசெற். ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்திய ஆங்கில எழுத்து இலக்கத் தகட்டோடு எங்கள் கொக்குவில் வளவில் நின்றது. அறுபதுகளிலிருந்து அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டால் புதிய கார் வருவது அரிதாயிற்று. ஆகவே அந்தத் தலைமுறை ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் யாழ்ப்பாணத்தில் சாக அனுமதிக்கப்படவில்லை. 1990 இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் நின்றபோது அவை மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அழுத்த விகிதம் குறைந்த பழைய எஞ்சின் என்பதால் இருமிக்கொண்டாவது அது ஓடும். புதிய யப்பானியக் கார்கள் அந்த வைத்தியத்துக்கு அவ்வளவாக ஒத்துழைக்கவில்லை. வெள்ளைப் புகையையும் அந்த மணத்தையும் அக்காலத்து யாழ்ப்பாணத்தவர் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்தக் காருக்கு உத்தரவாதம் கொடுத்தவர் எங்கள் ஒழுங்கைக் கராஜ்காரர். உதிரிப்பாகம் வராது. தேய்ந்ததைக் கடைசல் பட்டறையில் செய்விப்பார், இறந்த காரிலிருந்து கழற்றுவார், கஸ்கற்றைத் தடித்த மட்டையில் வெட்டுவார். எத்தனை ஆண்டு, எத்தனை மைல் என்ற கணக்கு அவரிடம் இருந்ததில்லை.

1995 ஒக்ரோபர் 30 இரவு, கொட்டும் மழையில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது அந்தக் கார்தான் அப்பம்மாவை ஏற்றியது. நாவற்குழிப் பாலத்தை நெருங்கியபோது சனத்துக்குள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. எஞ்சின் நிற்கக்கூடாது, நின்றால் எழுப்பப் போத்தலில் துளி இல்லை என்று பெரியப்பா முணுமுணுத்தபடியே வந்தார். எஞ்சின் நிற்கவில்லை. ஆனால், அப்பம்மா இருந்து எழும்பும் சாய்மனைக் கதிரை டிக்கிக்குள் அடங்காமல் முற்றத்திலேயே விடப்பட்டது. அதன்பின் சாவகச்சேரியில் பாயில் கிடந்து அவர் பட்ட பாட்டை எங்கள் வீட்டில் எவரும் பேசுவதில்லை. தங்கைக்கு அப்போது பதினான்கு வயது.

அக்கராஜ்காரரின் திறமை இன்றைய காருக்குள் செல்லாது. கணினிப் பெட்டிகளும் உணரிகளும் நிறைந்த இயந்திரத்தை மட்டை வெட்டித் திருத்த முடியாது. அதனால்தான் இன்று எழுத்திலான உத்தரவாதம் வேண்டியிருக்கிறது. நம் நாட்டு நிலைமை இடையில் மாட்டிக்கொண்டது. 1977 க்குப் பின்னர் யப்பானில் பாவித்த கார்களை இறக்கினோம், உத்தரவாதம் யப்பானிலேயே நின்றுவிட்டது. 2020 இல் இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்படும்வரை பழைய அல்ரோவும் வாகன் ஆரும் வாங்கிய விலைக்கு மேலே விலைபோயின. உத்தரவாதத்தைப் பற்றிக் கேட்டால் விற்பவர் சிரிப்பார்.

தங்கைக்கு நான் சொன்னது இதுதான். ஏழாண்டு என்பது பொய்யல்ல. கெட்ட பெயரைக் கழுவக் கொடுத்த விலை அது, அதைக் கொடுத்தவர்கள் பாகத்தையும் திருத்தினார்கள். ஆனால், ஏழாண்டும் எல்லாவற்றுக்கும் அல்ல. ரயர், பிறேக் பட்டை போன்ற தேயும் பாகங்கள் அதில் அடங்கா. பற்றறி, பூச்சு போன்றவற்றுக்குக் காலம் குறைவு. அந்தப் பக்கத்தைக் கையொப்பத்துக்கு முன்னர் வாசிக்க வேண்டும். குறித்த தவணையில் சேர்விஸ் செய்து பற்றுச்சீட்டுகளைக் காக்க வேண்டும். வெளிக் கராஜில் செய்தால் உத்தரவாதம் போய்விடும் என்று யாராவது வெருட்டினால் நம்பத் தேவையில்லை. நிறுவனம் சொன்ன முறையிலும் உரிய தரப் பாகங்களோடும் செய்தால் ஐரோப்பிய விதியும் அதன் வழிவந்த பிரித்தானிய விதியும் வாங்கியவர் பக்கம் நிற்கின்றன. ரொயோட்டா நீட்டித் தரும் ஆண்டுகள் மட்டும் வேறு கணக்கு, அதற்கு அவர்களிடமே போகவேண்டும். மூன்று நான்கு ஆண்டு ஓடிய கியா ஒன்றைப் பார்த்தால், மீதி ஆண்டுகள் காரோடு கூடவே வரும். காசு குறைவானவர்களுக்கு அதுவே நல்ல வழி என்றேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி அண்ணா" என்று வைத்துவிட்டாள். பத்து நாள் கழித்து மச்சான்தான் பேசினார். மூன்றரை ஆண்டு பாவித்த சீட் ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். விற்பனையாளர் உத்தரவாதப் புத்தகத்தை விரித்து விளக்கிக்கொண்டிருக்க, தங்கை வெளியே போய், தங்கள் பழைய காரில் கட்டிக்கொண்டு வந்த சக்கர நாற்காலியை இறக்கி, புதுக் காரின் பின்கதவைத் திறந்து, ஆசனத்தின் ஒரு பக்கத்தை மடித்து, உள்ளே தள்ளிப் பார்த்தாளாம். பிறகு வெளியே இழுத்து, மச்சானின் உதவியில்லாமல் தனியாக மறுபடியும் ஏற்றினாளாம். அதற்குப் பிறகுதான் புத்தகத்தை வாங்கிப் படித்தாளாம்.