கதுல்ஹு தொன்மம்: பலர் கூடிப் படைத்த ஓர் இருட்கதை உலகம்

முன்னுரை

ஒரு கதைக்கு ஓர் ஆசிரியர் என்பதே அச்சுக்காலத்தின் பொதுமரபு. ஆயினும், ஆசிரியர் பலர் தத்தம் கதைகளை ஓர் உலகிலேயே நிகழ்த்தி, ஒருவர் படைத்த தெய்வத்தையும் ஊரையும் நூலையும் மற்றவர் எடுத்தாண்டு, தனித்தனிக் கதைகளை வலையெனப் பின்னுதலும் உண்டு. அத்தகைய இருட்கதை உலகங்களுள், இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க நாட்டில் தோன்றிய கதுல்ஹு தொன்மம் தலையாயது. அஃது எவ்வாறு வளர்ந்தது, அதன் பொருளை வரையறுக்கும் உரிமை எவர் கையில் இருந்தது என்னும் இரு வினாக்களை யாம் ஈண்டு ஆராய்கின்றோம்.

தோற்றம்

எச். பி. லவ்கிராப்ட் (1890–1937) ரோட் ஐலண்டு மாநிலத்துப் பிராவிடன்ஸ் நகரிற் பிறந்தவர். 1923இல் தொடங்கப்பெற்ற ‘வியர்டு டேல்ஸ்’ என்னும் மலிவுவிலை இதழே அவர்தம் கதைகளுக்கு முதன்மையான களம். 1926இல் அவர் எழுதிய ‘கதுல்ஹுவின் அழைப்பு’ என்னும் கதையை இதழாசிரியர் பார்ன்ஸ்வொர்த் ரைட் முதலில் ஏற்க மறுத்தார். பின்னர் 1928 பிப்ரவரி இதழில் வெளியிட்டார். விண்ணினின்று வந்து, மக்கட்குலம் தோன்றுமுன்னரே இவ்வுலகில் வாழ்ந்து, இன்று கடலடி நகரொன்றில் உறங்கிக் கிடக்கும் பேருயிரே கதுல்ஹு.

பெயர்களைக் கடன்கொள்ளும் முறையை லவ்கிராப்டே தொடங்கினார் என்றல் பொருந்தாது. அம்புரோஸ் பியர்ஸ் 1886இல் கார்கோசா என்னும் நகரையும், 1891இல் ஹஸ்தூர் என்னும் தெய்வத்தையும் தம் கதைகளிற் படைத்தார். அப் பெயர்களை இராபர்ட் சேம்பர்ஸ், 1895இல் வெளிவந்த ‘மஞ்சள் மன்னன்’ என்னும் நூலுள் வேறு பொருளில் ஆண்டார். 1927இல் அந்நூலைப் பயின்ற லவ்கிராப்ட், அப் பெயர்களுட் சிலவற்றைத் தம் கதையுட் சேர்த்துக்கொண்டார்.

கொண்டும் கொடுத்தும் வளர்ந்தமை

இவ்வுலகின் வளர்ச்சியைக் கடிதப் போக்குவரவே நடத்திற்று எனலாம். கிளார்க் ஆஷ்டன் ஸ்மித் 1929இல் எழுதிய கதையொன்றில் சதோக்வா என்னும் தெய்வத்தைப் படைத்தார். கையெழுத்துப் படியிலேயே அதனைக் கண்டு மகிழ்ந்த லவ்கிராப்ட், தம் ‘இருளிற் கிசுகிசுப்பவன்’ என்னும் கதையில் அத்தெய்வத்தை எடுத்தாண்டார். அக்கதை 1931 ஆகஸ்டில் அச்சேறியது. ஸ்மித்தின் கதையோ அவ்வாண்டு நவம்பரில்தான் வெளிவந்தது. கடன் பெற்றவர் கதை கடன் தந்தவர் கதைக்கு முந்திக்கொண்டது. அச்சிட்ட நாளை மட்டும் நோக்குவார் இதன் வரலாற்றைத் தலைகீழாக உணர்வர்.

டெக்சஸ் மாநிலத்து இராபர்ட் ஹோவர்டு, வெவ்வேறு ஆசிரியர் பெயரில் வந்த கதைகளில் ஒரே தெய்வப் பெயர்கள் வருதலைக் கண்டு, இவை மெய்யான பழந்தொன்மமோ என 1930இல் வினவினார். அவை தம் கற்பனையே என்றும், பிறருக்காகத் தாம் திருத்தி எழுதிய கதைகளிலும் அவற்றைப் புகுத்தியதுண்டு என்றும் லவ்கிராப்ட் விடையிறுத்தார். அடுத்த ஆண்டே ஹோவர்டும் ‘கருங்கல்’ என்னும் கதையால் இவ்வுலகிற் பங்குகொண்டார்.

இளைஞராயிருந்த இராபர்ட் பிளாக், 1935இல் வெளிவந்த தம் கதையில் லவ்கிராப்டைப் போன்ற பாத்திரமொன்றைக் கொல்ல அவரிடமே இசைவு கேட்டார்; அவரும் நகைச்சுவையுடன் இசைந்தார். அதற்கு எதிராக லவ்கிராப்ட் ‘இருளில் உலவுவது’ என்னும் கதையில் இராபர்ட் பிளேக் என்பானைக் கொன்று, அதனைப் பிளாக்குக்கே உரிமையாக்கினார். 1950இல் பிளாக் மூன்றாம் கதையொன்றால் அதனை நிறைவுசெய்தார். அப்போது லவ்கிராப்ட் மறைந்து பதின்மூன்றாண்டுகள் கழிந்திருந்தன.

பொருள் திரிந்தமை

லவ்கிராப்ட் இவ்வுலகிற்கு வரையறுத்த சட்டம் எதனையும் வகுத்தாரல்லர். மனிதரின் அறங்களும் விருப்பங்களும் பரந்த அண்டத்தில் செல்லுபடியாகா என்பதே தம் கதைகளின் அடிப்படை என 1927இல் ரைட்டுக்கு எழுதிய கடிதத்தில் அவர் தெளிவுறுத்தினார். அவருடைய தெய்வங்கள் தீயன அல்ல, நம்மைப் பொருட்படுத்தாதன.

அவர் மறைவுக்குப் பின், ஆகஸ்ட் டெர்லெத்தும் டொனால்டு வாண்டிரேயும் 1939இல் ‘ஆர்க்கம் ஹவுஸ்’ என்னும் பதிப்பகத்தை நிறுவி, அவர் கதைகளை 1268 படிகளாக அச்சிட்டனர். சிதறிக் கிடந்த இதழ்க் கதைகள் நூலுருப் பெற்று நிலைத்தமைக்கு உலகம் டெர்லெத்துக்குக் கடமைப்பட்டுள்ளது. எனினும், ‘கதுல்ஹு தொன்மம்’ என்னும் பெயரை வழக்கிற் கொணர்ந்த அவரே, அதனை நன்மைக்கும் தீமைக்கும் இடையே நிகழும் போராக மாற்றினார். தெய்வங்களை ஐம்பூத முறையை ஒத்த பிரிவுகளுள் அடக்கினார். கடலடியிற் சிறைப்பட்ட கதுல்ஹுவை நீர்ப்பூதமென வகுத்தமை வெளிப்படையான முரண்.

இக் கொள்கைக்குச் சான்றாக அவர் காட்டியது லவ்கிராப்ட் கூற்றெனப்பட்ட ஒரு வாசகம். பில்லிசூனியத்தால் இவ்வுலகை இழந்து வெளியே துரத்தப்பட்ட ஓரினம் மீண்டும் அதனைக் கைப்பற்றக் காத்திருக்கின்றது என்பது அதன் கருத்து. லவ்கிராப்டின் கடிதங்களில் இவ்வாசகம் இல்லை. ஹரால்டு பார்னீஸ் என்னும் இசைவாணர் டெர்லெத்துக்கு எழுதியனுப்பியது என்பதைப் பின்வந்த ஆய்வாளர் நிறுவினர். பல்லாண்டுகள் ஒரு பொய்ச்சான்றே முன்னுரைகளில் ஆட்சி செலுத்திற்று.

மெய்ப்பொருள் மீண்டமை

1971இல் டெர்லெத் மறைந்தார். 1972இல் ரிச்சர்டு டியர்னி, இது லவ்கிராப்டின் தொன்மமன்று, டெர்லெத்தின் தொன்மமே எனத் தனிக் கட்டுரையால் வேறுபிரித்தார். பூனாவிற் பிறந்த எஸ். டி. ஜோஷி, கையெழுத்துப் படிகளையும் முதல் அச்சுக்களையும் ஒப்புநோக்கிய திருத்தப் பதிப்புக்களை 1984 முதல் 1986 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். அவற்றை வெளியிட்டது டெர்லெத் நிறுவிய அதே பதிப்பகமே என்பது கருதத்தக்கது.

பிழைகளைக் களைதலோடு இவ்வரலாறு முடியவில்லை. லவ்கிராப்டின் எழுத்தில் இனவெறுப்பு ஊடுருவி நிற்றலை மறைத்தல் ஆய்வாளர்க்கு அழகன்று. குடியேறிய மக்களை இழித்துரைக்கும் அவருடைய ‘ரெட் ஹுக்கின் கொடுமை’ 1927இல் வெளிவந்தது. கறுப்பின எழுத்தாளர் விக்டர் லவால், அதே கதையைக் கறுப்பின இளைஞன் ஒருவனின் நிலையினின்று 2016இல் திருப்பி எழுதினார். எவரும் புகுந்து எழுதலாம் என்னும் அவ்வுலகின் இயல்பே, இழிக்கப்பட்டோர் உள்ளே நின்று விடைபகர வாயிலாயிற்று.

முடிவுரை

மேற்கூறியவற்றால் யாம் காண்பன இரண்டு. பலர் கூடிப் படைக்கும் உலகை ஒருவர் சட்டத்துள் அடக்க முயலுங்கால் அதன் உயிர்ப்பொருள் திரிகின்றது. அத்திரிபை நீக்குவதற்கு மூலச் சான்றுகளைத் தேடும் பொறுமை வேண்டும். பொதுவாக எழுதப்படுவதில் எவர் எதனைச் சொன்னார் என்பது எளிதில் மறைந்துவிடும். இன்று இணையத்தில் பெயரறியார் பலர் கூடி எழுதும் இருட்கதைத் தொகுதிகளும் இம்முறையிலேயே வளர்கின்றன. அவற்றின் முதற்படிகளையும் திருத்தங்களையும் காத்துவைப்பார் உளராயின், நாளை அவற்றின் வரலாற்றை எழுதுவார்க்கு ஒரு பொய்ச்சான்று தடையாய் நில்லாது.