நாற்றத்துக்கு ஏது ரசீது?

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில், உப்பனாற்றங்கரையில் இருக்கிறது சிப்காட் தொழிற்பேட்டை. 1980-களில் வந்தது. மருந்து, பூச்சிமருந்து, சாயம்... பெரும்பாலும் ரசாயனம்தான். குடிகாடு, ஈச்சங்காடு என்று பக்கத்து ஊர்களில் கண்ணெரிச்சல், மூச்சுத் திணறல். 'நாத்தம் தாங்கல சார்' என்று ஜனங்கள் புகார் சொன்னார்கள். அதிகாரி வந்து நிற்பதற்குள் காற்று திசை மாறிவிடும். நாற்றத்துக்கு ஏது ரசீது?

2004-ல் ஊர்க்காரர்களே ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தூக்கினார்கள். உள்ளே ஒரு பை. நாற்றம் அடிக்கிற நேரத்தில் காற்றைப் பிடித்து மூடிவிடலாம். கலிபோர்னியாவில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்காக 1995-ல் பிறந்த வித்தை இது. கடலூர்க் காற்றும் கலிபோர்னியா ஆய்வகத்துக்கே போனது. 22 ரசாயனங்கள்! அழுகின முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் அதில் உண்டு.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் அதே காற்றுதான். ஆனால், உடல் எடைக்குக் கணக்குப் போட்டால் பெரியவர்களைவிடக் குழந்தைகள் அதிகக் காற்றை இழுக்கிறார்கள். நுரையீரல் வளர்கிற வயசு வேறு. ராத்திரி நாற்றத்தில் தூக்கம் கெட்ட பிள்ளைக்குக் காலையில் வாய்ப்பாடு எப்படி ஏறும்? அமில ஆவி பல் எனாமலையும் அரிக்கும். பேட்டரி தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் டாக்டர்கள் எப்போதோ பார்த்தது. பள்ளி முகாமில் பல்லைப் பார்த்துவிட்டு 'மிட்டாய் தின்னியா?' என்று கேட்பவர்கள், ஊர்க் காற்றையும் ஒரு வார்த்தை விசாரிக்கலாம்.

அப்புறம் 2007-ல் மத்திய அரசின் 'நீரி' நிறுவனமே ஆய்வு செய்தது. இங்கே வசிப்பவர்களுக்கு வாழ்நாளில் புற்றுநோய் வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிட 2,000 மடங்காவது அதிகம் என்றது. அந்த வாழ்நாள் கணக்கு, ஒன்றாம் வகுப்புப் பையனுக்கு அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.