அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் காற்றுத் தர வரம்புகள்

தமிழ்நாட்டின் அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் சிமெண்ட் ஆலைகள், சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், கல் குவாரிகள் ஆகியவற்றிலிருந்து எழும் தூசுக்கு அரசு விதித்துவரும் உச்சவரம்புகள் 1980களில் தொடங்கியவை. ஆலையோரக் கிராமத்தாருக்கும் நகரத்தாருக்கும் ஒரே தரமுள்ள காற்று உரியது என்ற கொள்கை சட்டத்தில் ஏற 27 ஆண்டுகள் ஆயின.

பின்னணி

கிரெட்டேசியக் காலக் கடல் இப்பகுதியில் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லே சிமெண்ட் தொழிலுக்கு அடித்தளம். அருகிலுள்ள கல்லக்குடியில் 1939இல் டால்மியா ஆலை எழுந்தது. அரசு நிறுவனமான டான்செம் 1979இல் அரியலூரில் உற்பத்தியைத் தொடங்கியது. பிறகு ஆலத்தியூர், ரெட்டிப்பாளையம், தளவாய், கோவிந்தபுரம், கீழப்பழுவூர் எனத் தனியார் ஆலைகள் பெருகின. பெரம்பலூர்ப் பக்கம் கருங்கல் குவாரிகளும் ஜல்லி கிரஷர்களும் வந்தன.

தூசு வரும் வழி

வெடிவைத்து உடைத்த கல் டிப்பர் லாரியில் ஆலைக்கு வந்து, அரைபட்டு, சூளையில் சுமார் 1,450 டிகிரி செல்சியஸில் வெந்து கிளிங்கராகிறது. புகைக்கூண்டுக்குப் போகும் தூசைப் பை வடிகட்டிகள் பெருமளவு பிடித்துவிடும். சுரங்கத்திலும் சாலையிலும் பறக்கும் தூசுக்கு அத்தகைய தடுப்பு இல்லை. தார்ப்பாய் போர்த்தாத லாரிகள் ஓடும் சாலையோரத்தில் வேப்பிலை, திண்ணை, காயப்போட்ட துணி எல்லாவற்றிலும் வெளிறிய படலம் படிகிறது. கண்ணுக்குத் தெரியாத 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட துகள்கள் நுரையீரலின் காற்றறைகள்வரை சென்று, மூச்சுக்குழல் நோய்களுக்கும் இதய நோய்க்கும் காரணமாகின்றன.

வரம்புகளின் வரலாறு

காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981இல் வந்தது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982இல் அமைந்தது. அதே ஆண்டு மத்திய வாரியம் வெளியிட்ட முதல் தர வரம்புகள், மிதக்கும் தூசை ஒரு கனமீட்டருக்குக் குடியிருப்புகளில் 200 மைக்ரோகிராம்வரையும் தொழிற்பகுதிகளில் 500 வரையும் அனுமதித்தன. 1994 திருத்தம் 10 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட நுண்துகளையும் கணக்கில் சேர்த்தது. ஆனால் ஆண்டுச் சராசரி குடியிருப்புக்கு 60, தொழிற்பகுதிக்கு 120 என்று இரட்டை அளவு தொடர்ந்தது. தொழிற்பகுதி என்று வகைப்படுத்திய இடத்தில் வாழ்பவர் இருமடங்கு தூசைச் சுவாசிக்கலாம் என்பதே அதன் பொருள்.

2009 நவம்பரில் அந்தப் பாகுபாடு நீங்கியது. 10 மைக்ரோமீட்டர் துகளுக்கு எல்லா இடத்திலும் 60, 2.5 மைக்ரோமீட்டர் துகளுக்கு 40 என ஆண்டு வரம்புகள் அமைந்தன. ஆலைப் புகைக்கான வரம்பும் இறுகியது. 1980களில் பெரிய சிமெண்ட் ஆலைகளின் சூளைப் புகையில் கனமீட்டருக்கு 250 மில்லிகிராம் தூசு அனுமதிக்கப்பட்டிருந்தது. 2014 விதிகள் புதிய ஆலைகளுக்கு அதை 30 ஆகக் குறைத்தன.

இன்றைய நிலை

உலக சுகாதார அமைப்பு 2021இல் 2.5 மைக்ரோமீட்டர் துகளுக்குப் பரிந்துரைத்த ஆண்டு அளவு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம். இந்திய வரம்பு அதைப்போல எட்டு மடங்கு. 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டம் நகரங்களையே மையமாகக் கொண்டது. தமிழ்நாட்டில் சென்னை, திருச்சி, மதுரை, தூத்துக்குடி அதில் இடம்பெற்றன, அரியலூர் இடம்பெறவில்லை. நாட்டின் சிமெண்டுக்குக் கல் தரும் மாவட்டத்தின் பிள்ளைகளுக்கு நகரப் பிள்ளைகளைவிடக் குறைந்த பாதுகாப்பு போதும் என்பதற்கு எந்த நியாயமும் இல்லை. வரம்பு இன்னும் இறுக வேண்டும். லாரி ஓடும் சாலைகளிலும் சுரங்கத்தை ஒட்டிய பள்ளிகளிலும் காற்றை நாள்தோறும் அளந்து, அந்த அளவை ஊராட்சி அலுவலகத்தில் எழுதிவைத்தால்தான் 2009இல் கிடைத்த சமத்துவம் மக்களின் கைக்கு வரும்.