மூன்று ஓலைகளும் ஓர் அழைப்பிதழும்

ஞாயிறு திருப்பலி முடியும் வேளை. இறுதி ஆசீருக்கு முன் பங்குத்தந்தை அறிவிப்புகளை வாசிக்கிறார். இன்ன ஊரைச் சேர்ந்த இன்னாரின் மகனுக்கும், இன்ன பங்கைச் சேர்ந்த இன்னாரின் மகளுக்கும் திருமணம் நடைபெறவிருக்கிறது. இது முதல் ஓலை. தடை ஏதேனும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்கிறார். நம்மில் பலரும் அதை அரைக்காதால் கேட்டுவிட்டு எழுந்து விடுகிறோம். யார் வீட்டுப் பிள்ளை என்று பக்கத்தில் இருப்பவரிடம் விசாரிப்பதோடு நம் கடமை தீர்ந்துவிடுகிறது.

ஓலை என்று சொல்கிறோம். வாசிப்பவர் கையில் இருப்பதோ காகிதம். பனையோலையில் எழுத்தாணியால் எழுதிய காலத்தில் செய்தி தாங்கிய எதற்கும் ஓலை என்றே பெயர். அரசர் ஆணையை எழுதிய சோழர் கால அலுவலர் திருமந்திர ஓலை என்று அழைக்கப்பட்டார். ஏடு போய்க் காகிதம் வந்த பின்னும் நம் ஆலயங்களில் அந்தச் சொல் நிலைத்துவிட்டது. ஆனால் அச்சொல் குறிக்கும் வழக்கம் எதற்காக வந்தது என்பதை நாம் ஏறக்குறைய மறந்துவிட்டோம்.

மத்திய கால ஐரோப்பாவில் ஆணும் பெண்ணும் மனமொத்து ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டாலே திருமணம் செல்லும் என்று திருச்சபை கற்பித்தது. பெற்றோர் வற்புறுத்தலுக்கு எதிராக அது இளையோருக்குக் கிடைத்த பெரும் பாதுகாப்பு. எனினும் அதில் ஓர் ஆபத்தும் இருந்தது. சாட்சியின்றி மறைவில் வாக்களித்தவன் பிறகு மறுத்தால் அந்தப் பெண் யாரிடம் போய் நிற்பாள்? அவள் மனைவி என்பதற்கு அவளுடைய சொல்லைத் தவிர வேறு சான்றில்லை.

ஆகவே 1215-ஆம் ஆண்டு, திருத்தந்தை மூன்றாம் இன்னொசெந்து கூட்டிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் மறைவுத் திருமணங்களைத் தடைசெய்தது. நடக்கவிருக்கும் திருமணத்தைக் குருக்கள் ஆலயத்தில் எல்லாரும் அறியச் சொல்ல வேண்டும். தடை அறிந்தவர் அதைத் தெரிவிக்கப் போதிய காலம் தர வேண்டும் என்று பணித்தது. 1563 நவம்பர் 11 அன்று திரிதெந்து பொதுச்சங்கம் இதை மேலும் உறுதிப்படுத்தியது. தொடர்ந்து வரும் மூன்று திருநாள்களில் திருப்பலியின்போது பங்குக்குரு அறிவிக்க வேண்டும். திருமணம் அவர் முன்னும் இரண்டு அல்லது மூன்று சாட்சிகள் முன்னும் நடைபெற வேண்டும். மணமக்கள், சாட்சிகள் பெயர்களும் நாளும் இடமும் ஏட்டில் பதிவாக வேண்டும் என்று விதித்தது. மறைவில் மணந்த முதல் மனைவியைக் கைவிட்டு, ஊரறிய வேறொருத்தியை மணந்தவர்களின் கொடுமையை அந்த ஆணையே எடுத்துக் கூறுகிறது.

ஓலையைத் தீயவர்கள் ஆயுதமாக்கக்கூடும் என்பதையும் சங்கத் தந்தையர் உணர்ந்திருந்தனர். மூன்று முறை அறிவித்தால் எவரேனும் வஞ்சகமாகத் திருமணத்தைக் கெடுப்பார்கள் என்ற நியாயமான ஐயம் இருந்தால், அறிவிப்புகளைக் குறைக்கவும் இடமளித்தனர். சாதியின் பெயரால் மணமக்களைப் பிரிக்கத் துணிவோர் உள்ள நாட்டில் வாழும் நமக்கு இந்த முன்யோசனையின் அருமை புரியும்.

1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இன்னொரு வழியையும் காட்டியது. வாசிப்பதற்குப் பதிலாக மணமக்கள் பெயர்களைக் குறைந்தது எட்டு நாள், இரண்டு கடன் திருநாள்கள் உள்ளடங்குமாறு, ஆலயக் கதவில் ஒட்டி வைக்க ஆயர் அனுமதிக்கலாம் என்றது. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பு, அறிவிப்பு முறையை வகுக்கும் பொறுப்பை ஆயர் பேரவைகளிடம் விட்டது. ஆனால் தடை அறிந்த ஒவ்வொருவரும் அதைத் தெரிவிக்க வேண்டும் என்ற கடமையை அது தளர்த்தவில்லை.

இனி அழைப்பிதழுக்கு வருவோம். நம் ஊர்களில் திருமணத்திற்கு அழைப்பது என்றால் நேரில் சென்று அழைப்பதே. வெற்றிலை பாக்குத் தட்டோடு உறவினர் வீட்டு வாசலில் போய் நின்றால்தான் அழைத்ததாகப் பொருள். அயலூரிலிருந்து வருபவருக்கு வழிகாட்டப் பலகை வேண்டியதில்லை. வாசலில் குலைதள்ளிய வாழையும், தெருவில் மாவிலைத் தோரணமும், பந்தலும் மண வீடு எதுவென்று சொல்லிவிடும்.

தமிழில் அச்சு 1578-இல் கொல்லத்தில் வெளிவந்த ‘தம்பிரான் வணக்கம்’ நூலோடு தொடங்கியது. இயேசு சபைக் குரு என்றிக்கே என்றிக்கசு அதைத் தமிழில் தந்தார். எனினும் 1835-இல் சட்டக் கட்டுப்பாடுகள் நீங்கிய பிறகே இந்தியர்கள் தடையின்றி அச்சகம் நடத்த வழி பிறந்தது. அச்சகங்கள் ஊர்தோறும் பெருகவே, திருமணப் பத்திரிகையும் எளியவர் கைக்கு எட்டியது. 20-ஆம் நூற்றாண்டில் தீப்பெட்டிகளுக்கு வண்ணச் சீட்டு அச்சிட்ட சிவகாசி, நாட்காட்டிக்கும் அழைப்பிதழுக்கும் பெயர்பெற்ற ஊராயிற்று. படம் மட்டும் அச்சான அட்டைகள் அங்கிருந்து வரும். உள்ளூர் அச்சகத்தார் எழுத்துக் கோத்து, பெயரும் நாளும் ஆலயமும் நேரமும் சேர்ப்பார். அட்டையின் ஓரத்தில், நேரில் வந்து அழைத்ததாக இதையே ஏற்றருள வேண்டும் என்றொரு வரி இருக்கும். தான் ஒரு மனிதரின் வருகைக்கு ஈடாகாது என்பதைப் பழைய அழைப்பிதழ் தானே ஒப்புக்கொண்டது.

அந்தப் பணிவு பின்னர் குறைந்தது. அட்டை தடித்தது; பெயர்களுக்குப் பின்னே பட்டங்களும் பதவிகளும், சில இடங்களில் சாதிப் பெயர்களும் ஏறின. வாழைமரம் நின்ற இடத்தில் துணிப் பதாகையும், பிறகு ஆளுயர டிஜிட்டல் பதாகையும் நின்றன. மண்டபத்துக்கு வழிகாட்ட ஓர் அம்புக்குறி போதும். நாமோ நம் செல்வாக்கைச் சாலைக்கே காட்ட விரும்பினோம். 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில், ஒரு திருமணத்துக்காகச் சாலையில் வைத்திருந்த பதாகை சரிந்ததில், வண்டியில் சென்ற இளம்பெண் பொறியாளர் ஒருவர் கீழே விழுந்து, பின்னால் வந்த லாரியில் சிக்கி இறந்தார். விருந்தினரை வரவேற்க வைத்த பலகை வழிப்போக்கர் ஒருவரின் உயிரைக் குடித்தது.

இதனினும் அமைதியாக, நம் வீடுகளுக்குள்ளேயே நேரும் தீங்கு ஒன்றும் உண்டு. ஓலை ஒரு கேள்வி. இந்தத் திருமணத்துக்குத் தடை உண்டா என்று சபை மூன்று வாரம் காத்திருந்து கேட்கிறது. அழைப்பிதழ் ஒரு முடிவு. நாள் குறித்தாயிற்று, வாருங்கள் என்கிறது. கேள்வி முதலிலும் முடிவு பிறகும் வருவதே முறை. இன்றோ பல குடும்பங்களில் முதல் ஓலை வாசிக்கப்படும் முன்பே அழைப்பிதழ் அச்சாகி, பாதி ஊருக்குக் கொடுத்தும் ஆகிவிடுகிறது.

அதன் பிறகு ஒரு மகள் தாயிடம் வந்து, “அம்மா, எனக்கு மனம் ஒப்பவில்லை” என்றால் என்ன பதில் கிடைக்கிறது? “பத்திரிகை கொடுத்தாயிற்றே; ஊர் என்ன சொல்லும்?” மாப்பிள்ளையைப் பற்றிய உண்மையொன்றை அறிந்த உறவினரும் அதே காரணத்தால் வாயை மூடிக்கொள்கிறார். பங்குத்தந்தை மண விசாரணையில் முழு விருப்பத்தோடுதான் இசைகிறாயா என்று கேட்கும்போது, அந்தப் பெண் தலையசைப்பது மனத்துக்கா, அச்சான அட்டைக்கா? யாரும் மறைவில் வஞ்சிக்கப்படக் கூடாதென்று பிறந்த அறிவிப்பு, ஊரறிய ஒருத்தியை வாய்மூடச் செய்யும் கருவியாக மாறிவிடக் கூடாது.

நாம் செய்யக்கூடியது சிறிய காரியமே. ஒப்பந்தம் முடிந்ததும் அச்சகத்துக்கு ஓடாமல், மண விசாரணை முடிந்து மூன்று ஓலைகளும் வாசிக்கப்படும்வரை பொறுத்திருக்கலாம். அதற்கேற்ப ஓலைகளை முன்கூட்டியே வாசிக்கச் செய்யலாம். பெற்றோர் அந்த வாரங்களில் ஒருநாளேனும் தம் பிள்ளையைத் தனியே அமர்த்தி, இப்போதும் உனக்குச் சம்மதந்தானா என்று கேட்கலாம். இல்லை என்ற சொல் வந்தால், அச்சாகாத அட்டையால் அவமானம் ஏதும் இல்லை.

அடுத்த ஞாயிறு ஓலை வாசிக்கப்படும்போது நாமும் சற்று நின்று கேட்போம். அந்த இரு பெயர்களுக்காக ஒரு மன்றாட்டு மனத்துக்குள் சொல்வோம். நம் ஆலயம் நம்மிடம் கேட்கும் கேள்வி அது. பதில் சொல்லவேண்டியவர்களும் நாமே.